நாடு மாறிய ஆப்பிள்

ஆப்பிள் என்றால் நமக்கு காஷ்மீர், சிம்லா. அதை விட்டால் ஸ்டிக்கர் ஒட்டிய வாஷிங்டன். இது டென்மார்க் ஆப்பிள் ஒன்றின் கதை. பெயர் கிராவன்ஸ்டைன்.

டென்மார்க்கின் தெற்குக் கோடியில், ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அரண்மனை. அதன் தோட்டத்துக்கு 1669-இல் இந்த மரம் வந்ததாகச் சொல்வார்கள். இத்தாலியிலிருந்து வந்தது என்பார் சிலர், அங்கேயே முளைத்தது என்பார் சிலர். டேனிஷ் மொழியில் ஊர்ப்பெயர் கிரோஸ்டேன், ஜெர்மனில் கிராவன்ஸ்டைன். உலகம் பிடித்துக்கொண்டது ஜெர்மன் பெயரைத்தான்.

1864-இல் டென்மார்க் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் போரில் தோற்றது. அந்தப் பகுதி கைவிட்டுப் போனது. 1920-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து திரும்பக் கிடைத்தது. மரம் நின்ற இடத்திலேயே நின்றது, நாடுதான் இரண்டு முறை மாறியது! 2005-இல் இதுவே டென்மார்க்கின் தேசிய ஆப்பிள் ஆனது.

அப்படி என்ன விசேஷம்? புளிப்பும் இனிப்பும் சேர்ந்த சாறு, தூக்கலான வாசனை. அப்படியே கடித்தும் தின்னலாம், பை, சாஸ் என்று சமைக்கவும் செய்யலாம்.

சிக்கல் என்னவென்றால், எந்த ஆப்பிளையும் போல இதுவும் விதை போட்டால் தாய்மரம் போல வராது, ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். போதாததற்கு இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள். அதனால் இதன் மகரந்தம் பெரும்பாலும் பயன்படாது. காய்க்க வேண்டுமானால் பக்கத்தில் வேறு ரக மரம் வேண்டும்.

அமெரிக்காவுக்கும் போனது இந்த ஆப்பிள். 1812-இல் கலிபோர்னியாவில் ஃபோர்ட் ராஸ் கோட்டையைக் கட்டிய ரஷ்யர்கள் கொண்டுபோனதாகச் சொல்வது வழக்கம். பிறகு சோனோமா மாவட்டத்தின் செபஸ்டபோல் ஊரைச் சுற்றிப் பெரிய தோட்டங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் அங்கிருந்து ராணுவத்துக்கு ஆப்பிள் சாஸ் போனது.

அப்புறம்தான் சரிவு. பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, பறித்தால் வெகுநாள் தாங்காது, தூர ஊருக்கு லாரியில் அனுப்ப லாயக்கில்லை. ஒயின் திராட்சைக்கு நல்ல விலை கிடைத்ததும் மரங்களை வெட்டித் திராட்சை போட்டார்கள். அங்கே ஒரு நெடுஞ்சாலைக்கு இன்னமும் கிராவன்ஸ்டைன் பெயர்தான்!

காமர்ஸ் படிக்கிற எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். போர், எல்லை மாற்றம் எல்லாம் அசைக்காத மரத்தை லாபக் கணக்கு சாய்த்துவிட்டது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் கடன் இருக்கும். ஆனால் ஒட்டுக் கட்டும் கை நின்றால் இந்த ரகமே இருக்காது. நாலு நாள் கூடத் தாங்கும் பழத்துக்காக ருசியை விட்டுக்கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.