குழலின் வாயும் கையின் பழக்கமும்

1875-ஆம் ஆண்டு இலண்டனில் ‘தி ஃபீல்டு’ என்னும் வேட்டை இதழ் நடத்திய துப்பாக்கிச் சோதனை, தொழில்நுட்ப வரலாறு பயில்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று. ரவைத் துப்பாக்கியின் குழல்வாயை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்கினால் ரவைகள் அதிகம் சிதறாமல் செல்லுமா என்பதே அன்றைய வழக்கு. ‘சோக்’ எனப்படும் இம்முறைக்கு நியூகாசிலைச் சேர்ந்த பேப் 1866-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதைச் செம்மைப்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பர்மிங்ஹாமின் கிரீனர். சோதனையில் வென்றவையும் அவருடைய குழல்களே.

அளவுகோல் எளியது. 40 கஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவைகள் விழுகின்றன என்று எண்ணுவார்கள். குறுக்கப்படாத குழலில் நூற்றுக்கு 40 அளவில் விழும். முழுமையாகக் குறுக்கிய குழலில் 70. இந்த ஆதாயம் உண்மையானது, மறுப்பதற்கில்லை.

ஆனால் எண்ணப்பட்டது அசையாத தாளில். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை, ரவை 40 கஜம் கடந்து வருவதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். வட்டத்தின் குறுக்களவோ முக்கால் மீட்டர்தான். எவ்வளவு முந்திச் சுடுவது என்ற கணிப்பு ஒரு முழம் தவறினால் பறவை வட்டத்துக்கு வெளியே நிற்கும். எந்தக் குழலும் அதை ஈடுசெய்யாது. போதாக்குறைக்கு, 20 கஜத்தில் குறுகிய குழலின் சிதறல் மற்றதில் ஏறத்தாழ பாதிதான். பழகாத கைக்கு அது உதவியன்று, கூடுதல் தண்டனை.

அக்காலத்தின் பெருந்திறலாளர் எனப் பெயர் பெற்றவர் இரண்டாம் ரிப்பன் பிரபு (சென்னை ரிப்பன் கட்டடம் இவருடைய தந்தையான வைசிராயின் பெயரைத் தாங்கியது). தோட்டா நிரப்பித் தரும் பணியாளர்களோடு துப்பாக்கி மாற்றுவதை இரவில் தம் நூலகத்தில் ஒத்திகை பார்ப்பார் என்றொரு கதை அவரைப் பற்றி உண்டு. கதைதான்; ஆயினும் சமகாலத்தார் அவருடைய திறனை எதில் கண்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

நம் நாட்டில் பீகானேரின் கர்ணி சிங்கைப் பாருங்கள். 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமநிலை எய்தி, தீர்வுச் சுற்றில் தோற்று வெள்ளி பெற்றார். அந்த மட்டத்தில் எல்லோர் கையிலும் ஏறத்தாழ ஒரே தரத்துக் குழல்தான். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் அவரை நிறுத்தியது தொடர் பயிற்சி.

பின் ஏன் வரலாறு குழலையே பேசுகிறது? காப்புரிமைப் பத்திரம் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும். தோள் பழகிய பழக்கத்துக்குப் பத்திரம் ஏது? 1881-இல் துப்பாக்கியின் வளர்ச்சியை நூலாக எழுதிய கிரீனரே துப்பாக்கி விற்றவரும் ஆவார். விற்பவரின் நூலை மூலச்சான்றாகக் கொண்டால் விற்பவரின் முடிவுக்குத்தான் வந்து சேர்வோம்.

இன்று உள்விட்டத்தை அகலமாக்குதல், தோட்டா அறைக்கு முன்னுள்ள கூம்பை நீளமாக்குதல், குழல்வாயருகே துளையிடுதல் எனப் பல மாற்றங்கள் விற்பனைக்கு உள்ளன. சில தோளுக்குச் சற்று இதம் தரலாம். தோட்டாவுக்கு விலையும் கட்டுப்பாடும் மிகுந்த இந்நாட்டில், அந்தப் பணத்தைத் தோட்டாவுக்கே செலவிடலாம் என்பது என் கருத்து. அம்மாற்றங்களுக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவதும் அதே அசையாத தாள், அதே 30 அங்குல வட்டம்.