உலைக்கு முந்திய பிடி: திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கை வரலாறு

இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டாண்டு சபைகளில், சமையலுக்கென அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை உலையில் இடுமுன்னரே எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்து, குறித்த நாளில் கோயிலில் படைக்கும் வழக்கம் பிடி அரிசிக் காணிக்கை எனப்படும். இவ்வழக்கத்தில் முதலில் கவனிக்கத்தக்கது அதன் வரிசை முறை. வீட்டார் உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பதற்கு இதில் இடமில்லை. பசித்தவர்களுக்குச் சோறு வடிப்பதற்கு முன்பே கடவுளின் பங்கு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. வாழ்க்கையில் எது முதலாவது என்ற கேள்விக்கு ஒரு சமூகம் அடுக்களையில் அன்றாடம் அளித்துவந்த விடையாக இதைக் கொள்வது பொருந்தும்.

விளைச்சலின் முதற்பலனைக் கர்த்தருக்குப் படைக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டுக் கட்டளையும், தேவனுடைய இராச்சியத்தை முதலாவது தேட வேண்டும் என்ற இயேசுவின் மலைப்பிரசங்கப் போதனையும் இவ்வழக்கத்திற்கு வேதாகம அடிப்படைகளாக அமைகின்றன. எனினும் இதற்கு மிக நெருங்கி நிற்பது சாறிபாத் ஊர் விதவையின் வரலாறே: பஞ்ச காலத்தில் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டுமே வைத்திருந்த அப்பெண், தனக்கும் மகனுக்கும் அடை சுடுமுன் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் சுட்டுக் கொடுத்தாள். பஞ்சத்தை நேரில் அறிந்திருந்த தென்தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இக்கதையை விளக்கிச் சொல்லத் தேவை இருந்திராது.

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தைப் பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டு எழுதப்பட்ட, நாற்பது பேர் அடங்கிய சபைப் பதிவேட்டிலிருந்து கணக்கிடுவது மரபு. 1799இல் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால், துன்புறுத்தலுக்கு உள்ளான புதிய கிறிஸ்தவர்களின் புகலிடமாக முதலூர் உருவாயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ், வீடிழந்து நின்றவர்களுக்கு நிலம் வாங்கி ஊர்கள் அமைப்பதற்காக 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். இவ்வூர்களில் உபதேசியார், அதாவது சபையை அன்றாடம் நடத்தும் போதகப் பணியாளர், காலையிலும் மாலையிலும் மணியடித்து மக்களைச் செபத்திற்குக் கூட்டினார்; நாளின் முதல் வேளையைக் கோயிலுக்கு ஒதுக்கும் பழக்கம் இவ்வாறு ஊர் ஒழுங்காகவே நிலைபெற்றது. ஆயினும் உபதேசியாரின் சம்பளமும் பள்ளிக்கூடச் செலவும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த பணத்தையே நம்பியிருந்தன. உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்று சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென் வகுத்த கொள்கை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றபோது, ஏழைச் சபை எதைக் கொண்டு கொடுக்கும் என்ற கேள்வி கூர்மையடைந்தது.

அக்கேள்வியின் கடுமையை உணர அந்நிலத்தின் பொருளாதாரத்தை அறிய வேண்டும். செம்மணல் தேரிகளை ஒட்டிய ஊர்களின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் பருவம் ஆண்டின் சில மாதங்களே நீடித்தது. மற்ற மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் காலம் தள்ளியவர்கள் பலர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் என்னும் முறை, மாதச் சம்பளக்காரருக்கும் நிலக்கிழாருக்கும் எளிதில் பொருந்தியதேயன்றி, வரவும் கடனும் பின்னிக் கிடந்த இக்குடும்பங்களில் எதைப் பத்தாகப் பகுப்பது என்பதே தெளிவாக இருக்கவில்லை. பிடி அரிசி இக்கணக்கைக் கேட்கவில்லை. உலை வைக்கும் நாளெல்லாம் கொடுக்கும் நாளாயிற்று, உலை வைக்காத நாளுக்குக் கடமையும் இல்லை. நெல் விளையாத தேரி நிலத்தில் அரிசி விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருளாகவே இருந்ததால், அந்த ஒரு பிடி எளிதான கொடையும் அன்று.

இவ்வழக்கத்தின் மற்றொரு சிறப்பு அது பெண்ணைக் கொடையாளி ஆக்கியதாகும். ரொக்கம் பெரும்பாலும் ஆணின் கையில் புழங்கிய காலத்தில், அரிசிப் பானை மட்டுமே குடும்பத்தலைவியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எவருடைய அனுமதியையும் கேளாமல், எவருக்கும் தெரியாமலும் அவள் கொடுக்கக்கூடியது அந்தப் பிடியே. சபை வரலாற்று நூல்கள் மிஷனரிகளையும் ஆயர்களையும் விரிவாகப் பேசிவிட்டு இப்பெண்களை ஒரு வரியில் கடந்து செல்வது பெருங்குறை. அச்சபைகளை நாள்தோறும் தாங்கிய கைகள் இவர்களுடையவை.

சேர்ந்த அரிசி கோயிலில் படைக்கப்பட்டபின் விற்கப்பட்டோ ஏலம் விடப்பட்டோ பணமாக்கப்பட்டது. அறுவடைக்கு நன்றி கூறும் ஸ்தோத்திரப் பண்டிகையில் தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டி, கோழி, முதல் ஈற்றுக் கன்று ஆகியவை இதே முறையில் படைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் போயின. பண்டிகையை ஒட்டி ஊரார் யாவரும் ஒரே பந்தியில் உண்ணும் அசனமும் பல ஊர்களில் நடந்தது. ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பெரும் விலைக்கு எடுப்பது பக்தியின் வெளிப்பாடாகவும் இருக்கலாம், செல்வாக்கின் வெளிப்பாடாகவும் இருக்கலாம். பிடி அரிசியில் இந்த ஐயத்திற்கே இடமில்லாததால், இரண்டில் அதுவே தூய்மையான காணிக்கை எனக் கருதலாம்.

பிடி அரிசி சேர்ப்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிற்காலத்தில் காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கும் வீடுதோறும் பிடி அரிசி திரட்டப்பட்டது. பொதுநன்மைக்காக வீட்டுப் பானையிலிருந்து பகிரும் தமிழ் மரபைச் சபைகள் தம் நம்பிக்கையோடு இணைத்துக்கொண்டன என்பதே சரியான மதிப்பீடு.

ஏழைச் சபையும் தன் கையிலுள்ளதைக் கொண்டே ஊழியத்தைத் தாங்கலாம் என்ற நம்பிக்கையின் பெரும்பயன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தச் செலவில் கடல் கடந்து தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்ததை அறிந்தார். எண்ணிக்கையில் மிகப் பெரிய திருநெல்வேலிச் சபை அவ்வாறு எவரையும் அனுப்பவில்லை என்ற உணர்வு அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்ற அடிப்படையில் அது நிசாம் ஆட்சிப் பகுதியின் தெலுங்கு மக்களிடையே பணியைத் தொடங்கியது. 1909இல் அசரியாவே அப்பகுதியிலுள்ள டோர்னக்கலுக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவர் பொறுப்பேற்ற டோர்னக்கல் பேராயத்து மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலி உழைப்பாளர்கள். வறுமை கொடுப்பதிலிருந்து விலக்கு அளிக்காது என்று அசரியா உறுதியாகக் கற்பித்தார்; கொடுக்க இயலாதவன் என்று ஒருவனை ஒதுக்குவது அவனைச் சபையின் முழு உறுப்பினனாக மதிக்காததற்குச் சமம் என்பது அப்போதனையின் உட்பொருள். பிடி அரிசி அங்கும் வேரூன்றியது. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட டோர்னக்கல் பேராலயத்தைக் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. வடகிழக்கில் மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதை ஒத்த பிடி அரிசி வழக்கம் நிலைபெற்று, அங்கு இன்றும் ஊழியச் செலவில் கணிசமான பங்கைத் தாங்குகிறது.

தென்தமிழ்நாட்டில் மாதச் சம்பளமும் கடை அரிசியும் பரவியபின், பல வீடுகளில் காணிக்கை உறை கலயத்தின் இடத்தைப் பிடித்தது. மாதக் கடைசியில் மீதியைப் பார்த்து உறையில் இடும் பணம் எவ்வளவு பெரிதானாலும், உலைக்கு முந்திய பிடியின் இடத்தை அது நிரப்பவில்லை. அப்பிடியை அளந்த தலைமுறையின் கடைசிப் பெண்கள் சிலர் இன்னும் சபைகளில் உள்ளனர். ஒவ்வொரு சேகரமும், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி, பழைய பிடி அரிசிக் கணக்கேடுகளைப் பாதுகாப்பதோடு அப்பெண்களின் வாய்மொழியையும் காலம் தாழ்த்தாமல் பதிவுசெய்ய வேண்டும்.