கேரளா பிளாஸ்டர்ஸும் நிலைக்காத முன்கள வீரர்களும்

கேரளா பிளாஸ்டர்ஸ், கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தொழில்முறைக் கால்பந்துக் கழகம். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோதே உருவானது. கலூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அதன் சொந்தக் களம். 2014, 2016, 2021–22 ஆகிய மூன்று பருவங்களில் இறுதிப் போட்டிக்கு வந்து மூன்றிலும் தோற்றது. இந்த வறட்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது, வீரர் பரிமாற்றச் சந்தையில் முன்கள வரிசையைப் பலப்படுத்தத் தவறியது. நல்ல கோலடிப்பவர்கள் கிடைக்காமல் இல்லை. கிடைத்தவரைத் தக்கவைத்து, அவர் அருகே இன்னொருவரைச் சேர்க்கத்தான் கழகத்தால் முடியவில்லை.

ஐ.எஸ்.எல்.லுக்கு வெகுமுன்பே கொச்சியில் கால்பந்து வேரூன்றியிருந்தது. மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சிப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பரேடு மைதானம் தலைமுறை தலைமுறையாக ஆடுகளம். கேரளம் சந்தோஷ் கோப்பையை முதன்முதலில் வென்றதும் இந்த நகரில்தான், 1973இல். ரயில்வே அணியை 3–2 என வீழ்த்திய அந்த இறுதிப் போட்டியில் மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அப்படியொருவருக்கான எதிர்பார்ப்போடுதான் ‘மஞ்ஞப்படா’ ரசிகர் கூட்டம் ஒவ்வொரு பருவத்திலும் அரங்கை மஞ்சளாக்குகிறது.

வந்தவர்களும் சென்றவர்களும்

கோலடிப்பவர்களை இழப்பது முதல் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 2014இல் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான கனடாவின் இயன் ஹியூம், அடுத்த ஆண்டே கொல்கத்தா அணிக்குப் போனார். 2015இல் பிளாஸ்டர்ஸ் கடைசி இடம். 2016 இறுதிப் போட்டியில், 54,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த கலூர் அரங்கில், பெனால்டி முறையில் பிளாஸ்டர்ஸைத் தோற்கடித்த கொல்கத்தா அணியில் ஹியூமும் இருந்தார்.

2017இல் கழகம் பெயரை நம்பியது. மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் நட்சத்திரம் டிமிடார் பெர்படோவ் வந்து ஒரே ஒரு கோல் அடித்துவிட்டுத் திரும்பினார். 2019–20இல் நைஜீரியரான ஓக்பெச்சே 15 கோல்கள் அடித்தார். மறுபருவம் அவர் மும்பை சிட்டியில் ஆடினார். மும்பை லீக் கேடயத்தையும் கோப்பையையும் ஒருசேர வென்றது, பிளாஸ்டர்ஸ் பத்தாம் இடத்துக்கு இறங்கியது. 2021–22இல் அணியை இறுதிக்கு இட்டுச் சென்ற ஹோர்ஹே பெரேரா டியாஸ், ஆல்வாரோ வாஸ்கெஸ் இணை தலா 8 கோல்கள் அடித்தது. இருவரும் ஒரே கோடையில் விலகினர். வாஸ்கெஸ் கோவாவுக்கும் டியாஸ் மும்பைக்கும் சென்றார்கள். 2024 மே மாதம் மும்பை கோப்பை வென்ற இறுதிப் போட்டியில் டியாஸ் ஒரு கோல் அடித்தார்.

2023–24: இருப்பில் ஆள் இல்லாத அணி

இந்தப் பலவீனம் மிகத் தெளிவாக வெளிப்பட்டது 2023–24இல்தான். முன்களத்துக்கென எடுத்த ஆஸ்திரேலியர் ஜோஷுவா சொட்டிரியோ, பருவம் தொடங்கும் முன்பே காயமடைந்தார். ஆனாலும் கிரேக்கர் டயமண்டகோஸும் நடுக்கள ஆட்டத்தை இயக்கிய அட்ரியான் லூனாவும் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். டிசம்பர் இறுதியில் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம். அந்த மாதமே லூனாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஜனவரியில் கானா வீரர் குவாமே பெப்ராவும் காயத்தால் வெளியேறினார். அவசரத்தில் லிதுவேனியாவின் பெடோர் செர்னிச் வரவழைக்கப்பட்டார். கடனாக வெளியே அனுப்பியிருந்த இளம் வீரர் ஜஸ்டின் இம்மானுவேல் திரும்ப அழைக்கப்பட்டார். மீதமிருந்த 10 ஆட்டங்களில் கிடைத்தவை 7 புள்ளிகள். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் பருவ முடிவில் விலகினார். 13 கோல்களோடு தங்கக் காலணி வென்ற டயமண்டகோஸ் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார்.

அவருடைய இடத்துக்கு ஸ்பெயினின் ஹெசுஸ் ஹிமெனெஸ் அறிவிக்கப்பட்டது 2024 ஆகஸ்டு இறுதியில், பரிமாற்றக் காலம் முடியும் தறுவாயில். முதல் ஆட்டத்துக்கு அப்போது இரண்டு வாரங்களே இருந்தன. புதிய பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரே தன் முதன்மைக் கோலடிப்பவர் இல்லாமலே முன்தயாரிப்பு முகாமை நடத்தி முடித்திருந்தார். டிசம்பரில் அவரும் நீக்கப்பட்டார். மஞ்ஞப்படா நிர்வாகத்தை எதிர்த்து, நுழைவுச்சீட்டு வாங்கப்போவதில்லை என அறிவித்தது. எட்டாம் இடத்தில் முடிந்த அந்தச் சரிவில் பாதுகாப்பு வரிசைக்கும் கோல்காப்பாளர்களின் பிழைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. தாமதமாக வந்த ஹிமெனெஸ் 11 கோல்கள் அடித்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநீதி.

காரணங்கள்

ஐ.எஸ்.எல்.லில் அயல்நாட்டு வீரர்கள் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தத்திலேயே வருகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தவரை வேறொரு கழகம் பணம் ஏதும் தராமல் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் சிறப்பாக ஆடியவரை அடுத்த கோடையில் இழப்பது எளிது, கைமாற்றுத் தொகையும் கிடைக்காது. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு அயல்நாட்டவர் ஆடலாம் என்பதால் பெரும்பாலான கழகங்கள் முன்கள இடத்தை அவர்களுக்கே ஒதுக்குகின்றன. உள்ளூர் இளைஞர் பக்கவாட்டுக்குத் தள்ளப்படுகிறார். கண்ணூர்க்காரர் சி.கே. வினீத் 2016இல் பாதிப் பருவத்தில் வந்து 5 கோல்கள் அடித்த பிறகு, அந்த இடத்தில் ஒரு மலையாளி நிலைபெறவில்லை. இந்தக் கட்டுப்பாடுகள் எல்லா அணிகளுக்கும் பொது. அவற்றுக்குள்ளேயே மும்பை சிட்டி, பிளாஸ்டர்ஸ் கைவிட்டவர்களைக் கொண்டு கோப்பை வென்றது. ஆகவே விதிகளைவிட நிர்வாகத்தின் திட்டமின்மையே பொறுப்பு.

2025 ஜூலையில் ஹிமெனெஸும் விலகிப் போலந்துக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக ஸ்பெயினிலிருந்து கோல்டோ ஒபியெட்டா ஒப்பந்தமானார்.