ஓடுகளில் எழுதிய ஹந்தஸா

மொராக்கோ நாட்டின் ஃபாஸ் மாநகரில், மரீனிய சுல்தான் அபூ இனான் எழுப்பிய மத்ரஸா ஒன்று இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஹிஜ்ரி 751இல், அதாவது கி.பி. 1350இல், தொடங்கப்பெற்ற அக்கட்டடம் ஹிஜ்ரி 756இல் முற்றுப்பெற்றது. அதே 756ஆம் ஆண்டில், அதே சுல்தானின் ஆணைப்படி, அதே நகரில், இப்னு பதூதா தம் பயண வரலாற்றைச் சொல்லி முடித்தார். இப்னு ஜுஸை அதனை எழுதினார். மதுரையில் ஆட்சி புரிந்த சுல்தான் கியாஸுத்தீனுக்குச் சகலை முறையினராய் நமது மஅபர் நாட்டில் தங்கிச் சென்றவரே இந்த இப்னு பதூதா. உலகின் பெருநகரங்கள் பலவற்றைக் கண்ட அவர், அபூ இனானின் மத்ரஸாவுக்கு இணையானதைத் தாம் கண்டதில்லை என்ற கருத்தைத் தம் நூலில் பதிந்துள்ளார்.

அம்மத்ரஸாவின் உள்முற்றத்துச் சுவர்களை நோக்குவோருக்கு மூன்று அடுக்குகள் தென்படும். மேலே செதுக்கிய தேவதாரு மரம். நடுவே செதுக்கிய சுண்ணச் சாந்து. கீழே, அமர்ந்து ஓதும் மாணவர் சாய்ந்துகொள்ளும் பகுதியில், வண்ண ஓட்டுத் துண்டுகளால் இழைத்த விண்மீன் கோலங்கள். இந்த மூன்றாவதைத்தான் மக்ரிப் மக்கள் ‘ஸுலைஜ்’ என்பர். ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளில் வழங்கும் ‘அஸுலேஜோ’ என்னும் சொல் இதிலிருந்து பிறந்ததே. ஃபாஸின் அத்தாரீன் மத்ரஸாவிலும் (1323–1325), கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகையிலும் இக்கலையின் உச்சத்தைக் காணலாம்.

இதனை வண்ணந்தீட்டிய ஓடு என்று எண்ணிவிடலாகாது. இங்குள்ள ஒவ்வொரு நிறமும் ஒரு தனித் துண்டு. ஒவ்வொரு துண்டும் கையால் வெட்டப்பட்டது. ஃபாஸ் நகரின் சுற்றுப்புறத்துக் களிமண்ணை ஊறவைத்து, மிதித்துப் பிசைந்து, ஏறத்தாழ ஒரு சாண் அளவுக்கும் குறைந்த சதுர ஓடுகளாக்கி வெயிலில் உலர்த்துவர். சூளையில் ஒரு முறை சுட்டபின், வெள்ளை, கருமை, பச்சை, நீலம், தேன்மஞ்சள் என மெருகுப் பூச்சிட்டு மறுமுறையும் சுடுவர். சூளைக்கு ஆலிவ் விதைச் சக்கையை எரிபொருளாக இடுவது அவ்வூர் வழக்கம். பிறகு அச்சுகளை வைத்து ஓட்டின் முகத்தில் வடிவங்களை வரைவர். வெட்டுவோர் தரையில் அமர்ந்து, சிறு பட்டறைக்கல்லின்மீது ஓட்டைச் சாய்த்து, ‘மின்காஷ்’ எனப்படும் கூரிய கனத்த சுத்தியால் கொத்துவர்.

இந்த வெட்டில் ஒரு நுட்பம் உண்டு. துண்டின் ஓரத்தை நேராக வெட்டாமல், பின்புறம் ஒடுங்கும்படி சாய்த்துச் செதுக்குவர். அதனால் முன்முகங்கள் ஒன்றையொன்று நூலிழை இடைவெளியுமின்றித் தொடும்; பின்புறத்திலோ சாந்து புகுந்து பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும்.

இனி அடுக்கும் வேலை. ஓர் ஓவியர் தம் படத்தைப் பார்த்துக்கொண்டே தீட்டுகிறார். ஸுலைஜ் அடுக்கும் மேஸ்திரியோ துண்டுகளைத் தரையில் முகம் குப்புற வைக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மெருகில்லாத மண்நிறப் பின்புறங்களே. எது பச்சை, எது கருமை என்பதும், எங்கே விண்மீன் முடிந்து எங்கே பின்னல் தொடங்குகிறது என்பதும் அவருடைய மனத்தில் இருக்கின்றன. அடுக்கி முடிந்தபின் மேலே சாந்தை ஊற்றி, அது இறுகியதும் பலகைபோல் தூக்கிச் சுவரில் பொருத்துவர். தம் கோலம் சரியாக அமைந்ததா என்பதை அப்போதுதான் அவரும் காண்கிறார். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ், ஏட்டைத் திறவாமலே ஓதி முடிப்பதை ஒத்த ஆற்றல் இது என்றால் மிகையாகாது.

இக்கோலங்களின் வித்து மிக எளியது. ஒரு வட்டம் வரைந்து, அதனுள் ஒரு சதுரத்தையும், அதை 45 பாகை திருப்பி மற்றொரு சதுரத்தையும் பொருத்தினால் எண்முனை விண்மீன் கிடைக்கும். மக்கள் இதனை ‘காத்தமு சுலைமான்’, சுலைமான் நபியின் முத்திரை, என்பர். அதன் ஒவ்வொரு முனையும் 90 பாகை. இரு முனைகளுக்கிடைப்பட்ட பள்ளம் 135 பாகை. அப்பள்ளத்தில் அமரும் துண்டு அதே கோணத்தில் வெட்டப்பட்டாக வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு பாகை மிகுந்தாலும், எட்டாவது துண்டை வைக்கும்போது இடம் போதாமற் போய்விடும். கவராயமும் அளவுகோலுமே இக்கலையின் அடிப்படைக் கருவிகள்.

இந்தக் கணிதத்தைக் கைவினைஞர் எங்ஙனம் பெற்றனர்? அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940–998), கைவினைஞருக்குத் தேவைப்படும் ஹந்தஸா குறித்தே ஒரு நூல் இயற்றினார். கணித அறிஞரும் கைவினைஞரும் ஒன்றாகக் கூடியிருந்த ஓர் அவையில் தாம் கலந்துகொண்டதை அவர் அதில் குறிப்பிடுகின்றார். அங்கு எழுந்த கேள்வி இது: சமமான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி? கைவினைஞர் காட்டிய சில வழிகள் கண்ணுக்குச் சரியாகத் தோன்றின, கணக்குக்கு நிற்கவில்லை. அறிஞர்களோ கோடுகளால் நிறுவினர். வெட்டிக் காட்ட அறியவில்லை. அபுல் வஃபா இரு சாராரின் குறையையும் எடுத்துரைத்தார். இரண்டு சதுரங்களை மூலைவிட்டம் வழியே வெட்டி நான்கு முக்கோணங்களாக்கி, மூன்றாவது சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் சுற்றி வைத்து, முனைகளை இணைத்து, வெளியே துருத்தும் பகுதிகளை உள்ளே குறையும் இடங்களில் பொருத்தினால் பெருஞ்சதுரம் அமையும் என விளக்கினார். இது கத்தரித்த காகிதத்தைக் கொண்டு எவரும் இன்றே செய்து பார்க்கத்தக்கது.

இக்கோலங்களைப் ‘புனித வடிவங்கள்’ எனப் பலர் இன்று எழுதுகின்றனர். விண்மீனின் நடுப்புள்ளி இறைவனின் ஏகத்துவத்தைக் குறிக்கும் என்றும், முடிவின்றி விரியும் பின்னல் அவனுடைய எல்லையின்மையைக் குறிக்கும் என்றும் கூறுவர். சிந்தைக்கு இனிய விளக்கங்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஷரீஅத்தில் எண்முனைக்கென ஒரு புனிதம் விதிக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. இதன் சிறப்பை வேறோரிடத்தில் தேடுவதே பொருத்தம் என எண்ணுகின்றோம். சுவரில் பதிந்தபின் எவருமே காணப்போகாத பின்புறத்தையும் பிழையின்றிச் செதுக்கும் அந்தக் கையில்தான் ‘இஹ்ஸான்’ என்னும் சொல்லுக்குப் பொருள் விளங்குகின்றது.

இங்கே நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்றுண்டு. அம்மத்ரஸாவைக் கட்டிய சுல்தானின் பெயரைக் கல்வெட்டு காத்து நிற்கிறது. அங்கு ஓதிய உலமாக்கள் பலரின் பெயர்களை வரலாற்று நூல்கள் சுமக்கின்றன. சுவரை இழைத்தோர் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின. எனினும் அவர்தம் கல்வி மறையவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும், ‘முஅல்லிம்’ எனப்படும் ஆசானிடமிருந்து சிறுவனுக்கும் அது கைமாறி வந்தது. 1993இல் கஸாபிளாங்காவில் இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது, அதன் சுவர்களை அணிசெய்ததும் அதே கைவழிக் கல்வியே.

நம் நாட்டிலோ நிலை வேறு. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் யூக்ளிடின் ஹந்தஸா ஒரு காலத்தில் முறையான பாடமாக இருந்தது. பின்னர் அது பெரும்பாலான மத்ரஸாக்களிலிருந்து மெல்ல மெல்ல நழுவிற்று. கிப்லாவின் திசையையும், வாரிசுரிமைப் பங்கையும் கணிக்க வேண்டிய மாணவருக்குக் கவராயம் அன்னியப் பொருளாயிற்று. பள்ளிவாசல் கட்டும் கொத்தனாரும் அதில் பாடம் நடத்தும் மௌலவியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி இல்லாமற் போயிற்று. அபுல் வஃபா அமர்ந்த அந்த அவை நம்மிடையே கலைந்துவிட்டது.

அதை மீண்டும் கூட்டுவதற்குச் சுல்தான்களின் கருவூலம் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாழிகை, ஒரு கரும்பலகை, ஒரு கவராயம், ஊரில் உள்ள அனுபவமிக்க கொத்தனார் ஒருவர் போதும். அவரை ஆசானாக அழைத்து நம் மாணவரிடையே அமர்த்தும் மனம் நமக்கு வேண்டும். அவ்வளவே.