வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க!



பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நலமாக இருக்கிறேன். விசாரித்த அனைவருக்கும் நன்றி.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். "சார், நிமிர்ந்து உட்காருங்க. வாயை நல்லா திறந்து நாக்கை நீட்டுங்க. சத்தம் வேண்டாம்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் "வாயை மூடு" என்று அதட்டியவனுக்கு வந்த நிலையைப் பாருங்கள்! டார்ச் அடித்துப் பார்த்து, "மூணு" என்று குறித்துக்கொண்டார். எத்தனைக்கு மூன்று என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இது மல்லம்பாட்டி ஸ்கோர் சார்" என்றார்.

வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? படுத்த படுக்கையில் தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து, வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று ஊரறியக் காட்டினார். வலி போயிற்று, மூச்சைக் காப்பது எப்படி என்ற கேள்வி நின்றது. 1878இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் மேக்கிவன், விரலால் வழிகாட்டி வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தினார். 1942இல் மாண்ட்ரியலில் கிரிஃபித், குராரே என்ற மருந்தை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தார். அது தசைகளைத் தளர்த்தும். அளவு கூடினால் நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டின் மேக்கிண்டாஷ், நாக்கைத் தூக்கிக் குரல்வளையைப் பார்க்க உதவும் வளைந்த தகட்டை வடிவமைத்தார். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

ஆனால் சிலருக்குக் குரல்வளை கண்ணில் படாது. தசை தளர்ந்து மூச்சு நின்ற பிறகு, குழாயும் உள்ளே போகவில்லை, முகமூடி வழியாகவும் காற்று போகவில்லை என்றால், சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. இதை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியாதா?

இங்கேதான் சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி வருகிறார். ஆந்திராவின் குண்டூர்க்காரர். அதே பாஸ்டன் நகரில் மயக்கவியல் நிபுணர். நாக்கின் அடிப்பகுதி பெரிதாக இருந்தால் உள்நாக்கை மறைக்கும், குரல்வளையையும் மறைக்கும் என்று 1983இல் ஊகித்தார். 1985இல் 210 நோயாளிகளிடம் சோதித்த முடிவை வெளியிட்டார். தொண்டையின் இருபக்கத் தூண்கள், மென்மையான அண்ணம், உள்நாக்கு எல்லாம் தெரிந்தால் முதல் வகுப்பு. உள்நாக்கு மறைந்தால் இரண்டு. அண்ணம் மட்டும் தெரிந்தால் மூன்று. 1987இல் சாம்சூன், யங் இருவரும் அதுவும் தெரியாதவர்களுக்கு நான்காம் வகுப்பைச் சேர்த்தார்கள். கருவி வேண்டாம், செலவில்லை. அதனால் உலகமெங்கும் பரவியது.

ஆனால் இந்தத் தேர்வை மட்டும் நம்ப முடியாது. டென்மார்க்கில் சுமார் 1,88,000 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. குழாய் செலுத்துவது கடினமாக இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அது முன்கூட்டிக் கணிக்கப்படவில்லை! அதனால்தான் டாக்டர்கள் கழுத்து அசைவையும் தாடையையும் பார்க்கிறார்கள். முன்பு மயக்கம் கொடுத்தபோது சிரமம் இருந்ததா என்றும் கேட்கிறார்கள்.

என்னையும் கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். உண்மையில், பன்னிரண்டு வருஷம் முன்பு குடலிறக்க ஆபரேஷனில் குழாய் போட மிகவும் கஷ்டப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்களோ என்று மறைத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி சும்மா விடவில்லை. "அன்னைக்குத் தொண்டை புண்ணாகி நாலு நாள் கஞ்சி குடிச்சீங்களே, அதைச் சொல்லுங்க" என்றாள். டாக்டர் பேனாவை மூடாமல் எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். மறுநாள் கேமரா வைத்த கருவியும் இன்னொரு மூத்த டாக்டரும் தயாராக இருந்தார்கள். குழாய் நல்லபடியாக உள்ளே போனது.

பிள்ளைகளே, பரீட்சையில் உண்மையை எழுதச் சொன்ன வாத்தியார் தன் பரீட்சையில் பொய் சொன்னார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆடும் பல், பல்செட், குறட்டை, முன்பு நடந்த சிரமம் எதையும் மறைக்காதீர்கள். குழாய் போடச் சிரமப்பட்டதாகச் சொன்னால் அதை எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். எனக்கு அதுதான் உதவியது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்