லிஸ்பனும் கல்முனைக் கரையும்: கடல்கொண்ட ஊர்களின் பதிவேடு

போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனிலே, தாயகம் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு பகற்பொழுது கிடைக்கப்பெற்ற பயணி பெரும்பாலும் தேஜோ ஆற்றங்கரைச் சதுக்கத்தையே முதலில் காண்பார். அதன் முறையான பெயர் வணிகச் சதுக்கம் என்பதாகும். நகர மாந்தரோ அதனை அரண்மனை முற்றம் என்றே இன்றும் வழங்குகின்றனர். ஆயின், அங்கே அரண்மனை இல்லை. 1755 நவம்பர் 1ஆம் நாளுடன் அது அழிந்தொழிந்தது. இல்லாததொன்றின் பெயரைக் காத்துநிற்கும் அவ்விடம், கல்முனைக் கரையிலிருந்து செல்லும் ஒருவருக்குத் தம் ஊரை நினைவூட்டாதிராது.

அன்று கிறிஸ்தவரின் பெருநாள். காலையில், தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. இடிபாடுகளுக்குத் தப்பி ஆற்றங்கரை வெளிக்கு ஓடியோரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் கடற்கோள் வளைத்தது. எஞ்சியவற்றைப் பல நாள் எரிந்த தீ உண்டது. அரண்மனையோடு கீழைத்தேய வணிகத்தை நிருவகித்த மாளிகையும் அதன் ஏடுகளும் அழிந்தன. இலங்கைக் கரையோரத்தை ஒரு காலத்தில் ஆண்டவர்களின் ஆவணங்கள் என்ற வகையில், அது நம் வரலாற்றுக்கும் நேர்ந்த இழப்பேயாகும்.

எனினும், நாட்டின் பழைய ஆவணக்களரி முற்றாக மறையவில்லை. அது இருந்த கோட்டைக் கோபுரம் சரிந்தபோது, எண்பதை அணுகிய மனுவேல் த மாயா என்பார் ஏடுகளை மீட்பித்துக் காத்தார். ஆவணக்காப்பாளரும் தலைமைப் பொறியியலாளருமாகிய அவரே நகரை மீளமைக்கும் திட்டங்களையும் வகுத்தார். புதிய தெருக்கள் நேர்கோட்டில் எழுமுன், பழைய தெருக்களும் மனைகளும் அளந்து பதியப்பட்டன. 1756இல், பின்னாளில் பொம்பால் கோமகன் எனப்பட்ட அமைச்சரின் ஆட்சி, பங்குதோறும் வினாக்களை அனுப்பிற்று. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனைபேர் மாண்டனர், கடல் முதலில் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பன அவற்றுட் சில. வந்த விடைகளுட் பல இன்றும் பேணப்படுகின்றன. நிலநடுக்க ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். பொம்பால் வன்கண்மை மிக்க ஆட்சியாளர் என்பதை மறத்தலாகாது. நாம் போற்றத்தக்கது அவர் ஆட்சியையன்று, அவ்வினாக்களையே.

இனி நம் கரையை நோக்குவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது. இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் முஸ்லிம்களும் தமிழரும் ஒருசேர அழிவுற்றனர். கரையோரத்திலிருந்து வளவுகள் நெருங்கி அமைந்தமையால், வீடுகள் மட்டுமன்றி எல்லைகளும் மறைந்தன.

இவ்விடத்தில் இப்பகுதிக்குரிய வழமையொன்று நோக்கத்தக்கது. இங்கு தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாரிடையும் நிலவுகின்றது. திருமணத்தின்போது வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக வழங்கப்படும். மணமகன் அவ்வீட்டிற் குடிபுகுவான். ஆகவே, அலை கொண்ட வீடுகளுட் பல பெண்களின் உடைமைகளாகும். பேரழிவின்பின் கிழக்குக் கரையில் இருநூறு மீற்றர் வரை மீளக் கட்டுதல் முதலிலே தடுக்கப்பட்டது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. கரையைவிட்டு அகற்றப்பட்டோருக்கு வேறிடத்தில் வீடு வழங்கியபோது, குடும்பத் தலைவர் ஆண் என்ற அலுவலக வழக்கு பலவிடத்துத் தலைகாட்டிற்று. தாயிடமிருந்து மகளுக்கு வந்த மனைக்கு ஈடான வீடு கணவன் பெயரிற் பதியப்படுமாயின், மாறுவது உறுதிப்பத்திரத்திலுள்ள பெயர் மட்டுமன்று. தலைமுறைகளாக வந்த உரிமையொழுங்கே மாறுகின்றது.

லிஸ்பன் உணர்த்தும் பாடம் இங்குதான் பொருந்துகின்றது. கட்டுவதற்கு முன் கேட்டல் வேண்டும். கேட்டதை எழுதிவைத்தல் வேண்டும். இறந்தோர் தொகையை அரசேடுகள் கூறும். எந்த வளவு எவர் தாய்க்குரியது, கரைவழி ஒழுங்கை எங்கு சென்றது, கடல் எந்தப் பக்கத்தால் ஊருட் புகுந்தது என்பனவற்றை ஊரவரே கூறுதல் கூடும். அன்று பதின்வயதினராயிருந்தோர் இன்று நடுவயதை அணுகுகின்றனர். அன்றைய முதியோருட் பலர் மறைந்துவிட்டனர். இப்பணிக்குப் பெருநிதி வேண்டுவதில்லை. லிஸ்பன் ஆட்சி விடை பெற்றது ஊர்தோறும் எழுதத் தெரிந்த ஒருவரிடமிருந்து. நம் கரையில் எழுதத் தெரிந்தோர் வீடுதோறும் உளர். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. வினாக்களைத் தொகுத்து வாசல்தோறும் செல்வோரே இனி வேண்டப்படுகின்றனர்.