கட்டாய நடுவர் தீர்ப்புப் பிரிவு (அமெரிக்க நிதிச் சேவைகள்)

கடன் அட்டை, வங்கிக் கணக்கு, வாகனக் கடன் ஆகியவற்றின் ஒப்பந்தங்களில், தகராறு எழுந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனியார் நடுவரிடமே செல்ல வேண்டும் என வாடிக்கையாளரை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் பிரிவு. பலர் சேர்ந்து குழு வழக்குத் தொடுப்பதையும் இது பெரும்பாலும் தடுக்கிறது.

இதன் அடிப்படை 1925ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுவர் தீர்ப்புச் சட்டம். இலவசம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கைப்பேசிக்கு 30.22 டாலர் விற்பனை வரி வசூலித்ததால் எழுந்த ஏடி அண்ட் டி மொபிலிட்டி வழக்கில், இத்தகைய குழு வழக்குத் தடையை மாநிலச் சட்டம் செல்லாததாக்க முடியாது என 2011இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முப்பது டாலருக்காகத் தனியே வழக்காடுபவர் அரிது. சிறு தொகைகளை இழந்த பலருக்கும் குழு வழக்கே நடைமுறையில் நீதிக்கான வழி.

2010ஆம் ஆண்டின் டாட்–பிராங்க் சட்டம் வீட்டு அடமானக் கடன்களில் இப்பிரிவைத் தடைசெய்தது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2017 ஜூலையில் குழு வழக்குத் தடைக்கு எதிராக விதி வகுத்தது. அக்டோபரில் செனட்டில் வாக்குகள் 50–50 எனச் சமமானதால், துணை அதிபர் மைக் பென்ஸின் வாக்கால் அவ்விதியை ரத்துசெய்யும் தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் 1 அன்று அதிபர் டிரம்ப் அதில் கையெழுத்திட்டார். இதனால், புதிய சட்டமின்றி அதே போன்ற விதியை முகமை மீண்டும் கொண்டுவர முடியாது.